பெட்டிக்கு மெமரி பத்தல

கடைசி ஸ்க்ரூ மட்டும் வரமாட்டேன் என்றது.

மற்றவை எல்லாம் சமர்த்தாகக் கழன்று சோப்பு டப்பா மூடிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. இது ஒன்று மட்டும் மூலையில் உட்கார்ந்துகொண்டு வாசிமின் மானத்தை வாங்கியது. அவன் இருந்தது மாமனாரின் அறை. எதிரே மாமனாரின் மேசை. மேசையின் மேல் மல்லாந்து கிடந்தது மாமனாரின் கம்ப்யூட்டர். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தான். ஒரு வீட்டு மாப்பிள்ளை செய்கிற வேலை மாதிரியே இல்லை என்று அவனுக்கே தோன்றியது.

மாமனார் பீர் முகமது, தம்பி மகள் நிக்காவுக்காகத் திருச்சி போயிருந்தார். மறுநாள் இரவுதான் திரும்புவார். அதற்குள் பெட்டியைத் திறந்து, தான் கையால் செய்த மெமரி கார்டைச் சொருகி, மூடி, ஒன்றும் தெரியாதவன் போல வைத்துவிட வேண்டும். அவர் வந்து உட்கார்ந்தால் பெட்டி பறக்கும். மாமனார் அசந்துபோவார். திட்டம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த அவ்வளவுதானில் வாசிமின் எதிர்காலமே மாட்டிக்கொண்டிருந்தது.

வாசிம் பெரம்பலூரில் மகேஷ் என்பவருடைய செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். மகேஷ் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போகப்போகிறார். கடையை நீயே எடுத்துக்கொள் என்று வாசிமிடம் சொல்லிவிட்டார். அதே நேரத்தில் துபாயில் மாமனாரின் பழைய சிநேகிதர் ஒருவர், மாப்பிள்ளைக்கு விசா தயார், எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஊரான லப்பைக்குடிக்காடு, வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டிய ஊர். விசா வந்தும் போகாத ஆளை அங்கே உடம்புக்கு ஏதாவது கோளாறா என்று விசாரிப்பார்கள். வாசிமுக்குப் போக இஷ்டமில்லை. மனைவி ஃபஹ்மிதா தலைப்பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்தாள், அவனும் அங்கேயே தங்கியிருந்தான். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அது குப்புற விழுவதை, தவழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

ஆசையை மாமனாரிடம் நேரில் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாமனாரும் மருமகனும் சலாம் சொல்லிக்கொள்வார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு நீண்டால், மரியாதை கெட்டுவிடக் கூடாதே என்று இருவரில் ஒருவர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்.

முடிவு சொல்ல வேண்டியது பெட்டிதான்.

துபாயை முடித்துக்கொண்டு வந்தபோது பீர் முகமது மற்றவர்களைப் போல டிவியோ கம்பளியோ கொண்டுவரவில்லை. தான் வேலை பார்த்த ஆபீஸில் கழித்துப் போட்ட இந்தக் கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து லேப்டாப். பெயர்தான் அப்படி, மடியில் வைத்தால் கால் மரத்துவிடும். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பெரிய விஷயமும் பெட்டியைக் கேட்காமல் நடந்ததில்லை. போர்வெல் எங்கே போடுவது, வெள்ளாற்றுப் பக்கத்து நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா, ஃபஹ்மிதாவை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தட், தட் என்று சத்தம் கேட்கும். மாமியார் ஹபீபா வெளியே முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, "சத்தம் போடாதீங்க, அவங்க கணக்குப் பாக்குறாங்க" என்று தெருவில் போகிற மீன்காரரைக்கூட அடக்கிவைப்பார். பிறகு பீர் முகமது வெளியே வந்து ஒரு வரியில் முடிவைச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வாசிமுக்குப் பெண் கொடுத்ததும் இப்படித்தான். அதனால் அவனுக்கு அந்தப் பெட்டியின் மேல் தனி மரியாதை இருந்தது.

ஆனால் துபாயா பெரம்பலூரா என்ற கேள்விக்கு மட்டும் பெட்டி வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபஹ்மிதா கேட்பாள். பீர் முகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வார்.

"மெமரி பத்தலம்மா. கணக்கு பாதியில நின்னுருது."

வேறு ஒரு மருமகனாக இருந்தால் அல்லாஹ்விடம் துஆ கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பான். வாசிம் நிமிர்ந்து உட்கார்ந்தான். உலகத்தில் அவனுக்கு மிக நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பழைய லேப்டாப் கம்ப்யூட்டர்களுக்கு வீட்டிலேயே மெமரி கார்டு செய்வது அவனுடைய கிறுக்கு. அவனைப் போன்ற கிறுக்கர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், வாட்ஸாப்பில் தனியாகக் குழுவே வைத்திருக்கிறார்கள். இதுவரை அவன் செய்த கார்டுகள் யார் யாருடைய பெட்டியிலோ ஓடிக்கொண்டிருந்தன. சொந்த மாமனாருக்கு ஒன்று செய்யாமல் இருப்பானா?

செய்தான். கார்டின் கோடுகளை வரைந்து, வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்பு ஒட்டிய பலகையின் மேல் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்தித் தேய்த்தான். தாளில் இருந்த மை செம்புக்கு மாறியது. பலகையை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டினான். மை படாத செம்பு கரைந்து, கோடுகள் மட்டும் நின்றன. துளை போட்டான், சிப்புகளை வைத்துச் சால்டர் செய்தான். கார்டு லட்சணமாக வந்தது. மற்றபடி, அயர்ன் பாக்ஸின் அடியில் ஒட்டியிருந்த மை மாமனாரின் வெள்ளை ஜிப்பாவில் பாதி சர்க்கியூட்டாகப் பதிந்தது. கிணற்றடியில் சிந்திய கரைசல் துவைக்கிற கல்லில் பழுப்புக் கறையாக நிரந்தரமாகக் குடியேறியது. மாமி கேட்டதற்கு டீ சிந்திவிட்டது என்றான். ஹபீபா கறையைப் பார்த்தார், அவன் விரல்களைப் பார்த்தார், "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது இந்த ஸ்க்ரூ.

கதவு தட்டப்பட்டது. வாசிம் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான். ஹபீபா டீ டம்ளரோடு நின்றார். அறைக்குள் அவன் என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"மாப்ள, பெரம்பலூர்ல கடை எடுத்தீங்கன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துருவீங்களா?"

வாசிமின் மனம் முழுக்க ஸ்க்ரூவில் இருந்தது. வண்டியில் வந்துவிடலாம் மாமி, வருகிற தூரம்தான் என்று ஏதோ சொன்னான்.

"ம்" என்றார் ஹபீபா. டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

டீ குடித்த தெம்பில் வாசிம் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வேகமாகவே நெம்பினான். ஸ்க்ரூ வந்தது. கூடவே பெட்டியின் ஓரத்துக் கொக்கி ஒன்றும் உடைந்து வந்தது. பரவாயில்லை, பசை வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று அதையும் சோப்பு டப்பா மூடியில் போட்டான்.

கார்டைச் சொருகினான். அது தனக்கென்று இருந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்விட்சைப் போட்டான்.

ஒன்றும் வரவில்லை. ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை.

கார்டைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டான். அப்போதும் அப்படியே. புது பார்ட் எதையும் சொருகுவதற்கு முன்னால் பழையபடி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. கடைக்கு வருகிற பையன்களுக்கு அவன் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான். அவசரத்தில் அவனே அதை விட்டுவிட்டான். மாமனார் நேற்றுக் காலை வரை தட்டிக்கொண்டிருந்த பெட்டியைத் தொட்ட மாத்திரத்தில் கொன்றுவிட்டோமே என்று வாசிம் பதறினான். பெட்டி செத்தால் முடிவு வராது. முடிவு வராவிட்டால் மாமனார் சிநேகிதருக்குச் சரி என்று சொல்லிவிடுவார். அதுவும் பெட்டியைக் கொன்ற மருமகனை எந்த மாமனார் பக்கத்தில் வைத்துக்கொள்வார்? அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார்.

ஒருவேளை அடாப்டர் போயிருக்கலாம். நம்பிக்கை வந்தது. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய அடாப்டர் ஒன்றின் வயரை வெட்டி, இதன் வயரோடு முறுக்கி, டேப் சுற்றினான். போட்டான்.

இந்த முறை ஒன்றும் வராமல் இல்லை. புகை வந்தது.

மெல்லிய, நீலமான புகை. கீபோர்டின் இடுக்கு வழியாக எழுந்து, மாமனாரின் மக்கா படத்தைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாக வெளியே போனது. வாசிம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாவுச் செய்திக்குச் சொல்கிற இன்னா லில்லாஹியைச் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே ஹபீபாவின் முகம் தெரிந்தது. துணி காயப்போட வந்திருந்தார். மூக்கை உறிஞ்சினார். ஊதுபத்தி கொளுத்தினேன் மாமி என்றான் வாசிம், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

ஹபீபா ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"ஏன் மாப்ள, துபாய்க்குப் போனா புள்ளையப் பாக்க எப்ப லீவு குடுப்பாங்க?"

"ரெண்டு வருசம் ஆவும் மாமி."

"ம்" என்றார் ஹபீபா. அடுத்த துணியை எடுத்தார்.

ராத்திரி வாசிம் சாப்பிடவில்லை. ஃபஹ்மிதாவிடம் வயிறு சரியில்லை என்றான். அது ஒன்றுதான் அவன் சொன்ன சாக்குகளில் பொய் இல்லாதது.

காலையில் பெட்டியின் வயிற்றுக்குள் இருந்த பலகையைப் பேட்டரியோடு அப்படியே கழற்றி, ஃபஹ்மிதாவின் பழைய துப்பட்டாவில் சுற்றி, பெரம்பலூர் போய் அங்கிருந்து அரியலூர் பஸ் பிடித்தான். அரியலூரில் கலைச்செல்வன் இருந்தார். சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரிகல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி போர்டு, இன்வெர்ட்டர் போர்டு என்று எது வந்தாலும் பார்க்கிறவர். வாட்ஸாப் குழுவில் வாசிமுக்கு அண்ணன் முறை. பஸ் முழுக்க சிமெண்ட் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தது. வாசிம் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

வழியில் போன் வந்தது. மாமி. ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். ஆனால் ஹபீபா எங்கே போகிறீர்கள் என்றோ ஏன் சாப்பிடாமல் போனீர்கள் என்றோ கேட்கவில்லை.

"விரலெல்லாம் கறையாப் போயிருதே மாப்ள. இந்த வேலைய நெசமாவே புடிச்சுத்தான் பண்றீங்களா, இல்ல வேற வழியில்லாம பண்றீங்களா?"

வாசிம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். இன்றைக்கு இருக்கிற இருப்பில் அவனுக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"ரொம்பப் புடிச்சுத்தான் பண்றேன் மாமி. இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் புடிக்காது."

"ம்" என்றார் ஹபீபா. வைத்துவிட்டார்.

கலைச்செல்வன் துப்பட்டாவைப் பிரித்துப் பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். அப்புறம் வாசிமைப் பார்த்தார்.

"தம்பி, இது கடைசியா எப்ப ஓடுச்சு?"

"முந்தாநேத்து காலைலங்கண்ணே."

"வெளையாடாதீங்க. பேட்டரி கசிஞ்சு செப்புக் கோடெல்லாம் பச்சையாப் பூத்துக் கெடக்கு. ஒரு நாள்ல ஆவுற காரியம் இல்லையே இது."

மாமா தினமும் தட்டுகிறார், நானே காதால் கேட்டிருக்கிறேன் என்று வாசிம் சத்தியம் செய்தான். கலைச்செல்வன் தலையைச் சொறிந்தார். சிமெண்ட் ஆலையில் எத்தனையோ அதிசயம் பார்த்திருக்கிறேன், இப்படி ஓடிய மெஷினைப் பார்த்ததில்லை, உங்கள் மாமாவுக்குக் கைராசி என்றார். சரிசெய்ய முடியும், ஆனால் அரித்த கோடுகளுக்கெல்லாம் புது வயர் இழுக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். இன்று இரவுக்குள் வேண்டும் என்று வாசிம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவர் ஆர்வம் தாங்காமல் பெரிய சிப்புகளைப் பிடுங்கி வரிசையாகத் தட்டில் வைத்துவிட்டார். நல்ல மனிதர். வேலை என்று வந்துவிட்டால் கை நிற்காது.

அப்போது ஃபஹ்மிதா போன் செய்தாள். குரலில் சந்தோஷம் வழிந்தது.

"மச்சான், அத்தா ராத்திரி வரலையாம், இப்பவே பஸ் ஏறப்போறாங்களாம். நானே உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"இவங்க பொட்டிக்கு மெமரி போட்டுட்டாங்க, இனிமே கணக்கு பாதியில நிக்காதுன்னு. அத்தா உடனே அம்மாகிட்ட குடுன்னாங்க. அம்மா போன வாங்கிட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாங்க."

துண்டால் மூடி, அறைக் கதவைப் பூட்டி, இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் மனைவியிடம் வாயை மூடவில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வாசிம் பலகையைக் கலைச்செல்வனிடமே விட்டுவிட்டு, கார்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

வீடு வந்து சேர்ந்தபோது மாமனார் இன்னும் வரவில்லை. மேசையின் மேல் பெட்டி இருந்தது. தூக்கிப் பார்த்தான். பலகையும் பேட்டரியும் போனபின் அது காற்றாக இருந்தது. மாமனார் தொட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார். கனம் வேண்டும். அறையைச் சுற்றிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. அடுப்படிக்குப் போனான். ஹபீபா முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தார். அலமாரியில் கல்லுப்பு பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் குடிக்க வந்தவன் போல ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்துவிட்டுத் திரும்பினான்.

உப்பு பாக்கெட் பெட்டிக்குள் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. மூடியை வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கி, கொக்கியை ஒட்டினான். தூக்கிப் பார்த்தான். கனம் சரியாக இருந்தது. ஆட்டினால் மட்டும் உள்ளே சரசரவென்றது.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பீர் முகமது வந்துவிட்டார். சலாம் சொன்னார். சாப்பிட்டாச்சா மாப்ள என்றார். நிக்கா பிரியாணியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். ஹபீபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கும்போது அவர் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஹபீபா லேசாகத் தலையை ஆட்டினார். வாசிம் இதைப் பார்த்தான், ஆனால் அவன் இருந்த நிலையில் அது மண்டையில் ஏறவில்லை.

"உள்ள ஒரு சோலி இருக்கு" என்று சொல்லிவிட்டு பீர் முகமது அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது.

"சத்தம் போடாதீங்க, அவங்க கணக்குப் பாக்குறாங்க" என்றார் ஹபீபா.

வாசிம் கூடத்தில் நின்றான். உள்ளே மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. இப்போது ஸ்விட்சைப் போடுவார். இப்போது கத்துவார். வாசிம் எல்லா ஸூராக்களையும் ஓதினான், மனப்பாடமாகத் தெரிந்ததும் பாதி தெரிந்ததும். ஃபஹ்மிதா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கார்டு கட்டாயம் ஓடும், ஏன் இப்படி வேர்க்கிறது என்று ஆறுதல் சொன்னாள். கார்டு அவன் சட்டைப் பையில் இருந்தது.

உள்ளே தட், தட் என்று சத்தம் ஆரம்பித்தது.

வாசிமுக்கு முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம். கேட்டது. தட், தட், தட். நிதானமாக, பொறுப்பாக, கணக்குப் பார்க்கிற மனிதரின் தட்டல். நடுவில் நிறுத்தி யோசித்தார். மறுபடி தட்டினார். ஒரு தடவை "ஆஹா" என்றுகூடச் சொன்னார். உப்பு பாக்கெட்டில் இவ்வளவு நேரமாக இந்த மனிதர் என்ன கணக்குப் பார்க்கிறார்? ஒருவேளை கோபத்தை அடக்கிக்கொள்ளத்தான் தட்டுகிறாரோ? அப்படித்தான் இருக்கும். உள்ளே நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கிறது, வயசான மனுஷன், பிரஷர் உள்ளவர். வாசிமால் பொறுக்க முடியவில்லை. துபாய் என்ன, அண்டார்டிகாவுக்கே அனுப்பட்டும், போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று கதவை நோக்கி நடந்தான். தட்டக் கையைத் தூக்கினான்.

பின்னாலிருந்து ஹபீபா அவனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, முடியட்டும். பாதியில எழுப்புனா அவங்களுக்குப் புடிக்காது."

"மாமி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"முடியட்டும்" என்றார் ஹபீபா மறுபடி.

கதவு திறந்தது. பீர் முகமது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. பிரஷரும் இல்லை. நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவரைப் போல இருந்தார்.

"மாப்ள, நீங்க போட்ட மெமரி அருமையா வேலை செய்யுது. முன்னல்லாம் பாதியில நின்னுரும். இன்னிக்கு விறுவிறுன்னு போயிருச்சு."

வாசிம் சட்டைப் பையில் இருந்த கார்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"தூக்கி வெக்கிறப்ப மட்டும் உள்ள என்னமோ சரசரங்குது."

"அது... புது மெமரிங்க மாமா. கொஞ்சம் ஆடத்தான் செய்யும்."

"ஆடட்டும், ஆடட்டும்" என்ற பீர் முகமது நாற்காலியில் உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார், மகளின் வயிற்றைப் பார்த்தார். அப்புறம், அந்த வீட்டு வழக்கத்துக்கு விரோதமாக, மருமகனை நேராகப் பார்த்துப் பேசினார்.

"எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். துபாய் சரிவராது மாப்ள. இவ மொத மொதல்ல 'அத்தா'ன்னு கூப்புட்டத நான் கேசட்டுல தான் கேட்டேன். யாரோ ஊருக்குப் போயிட்டு வர்றப்ப கொண்டாந்து குடுத்தாங்க. அந்தக் கேசட்டு தேஞ்சு போற வரைக்கும் கேட்டேன். அது என்னோட போகட்டும். நீங்க பெரம்பலூர்ல கடைய எடுத்துக்கிட்டு, மத்தியானம் சாப்புட வூட்டுக்கு வாங்க. சிநேகிதர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஃபஹ்மிதா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதாள், சிரித்தாள். வாசிம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாளாகக் கழுத்தில் கிடந்த பாரம் இறங்கியதில் உடம்பே இல்லாதது போல இருந்தது. போகவேண்டாம். எங்கேயும் போகவேண்டாம். பிள்ளை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். அவனுக்குப் பசித்தது, அதுவும் பயங்கரமாகப் பசித்தது. காலி பெட்டி எப்படி ஓடியது என்ற கேள்வி மூலையில் எங்கோ நின்றுகொண்டிருந்தது. சந்தோஷத்தில் அவன் அதைப் பக்கத்தில் விடவில்லை. மாமனாருக்குப் பிரியம் வந்துவிட்டது, அதனால் பெட்டி செத்ததைக் காட்டிக்கொள்ளாமல் நமக்காக நடித்துவிட்டார் என்று அதற்கு ஒரு பதிலும் தானே சொல்லிக்கொண்டான். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது.

ஒரு வாரத்தில் கலைச்செல்வன் அண்ணன் பலகையைச் சரிசெய்துவிடுவார். கார்டைச் சொருகி, பெட்டியை நிஜமாகவே ஓடவைத்து, மாமனார் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் செய்த உதவிக்கு அதுதான் கைம்மாறு. இதை மாமியிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து அடுப்படிக்குப் போனான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஹபீபா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"மாப்ள, பொட்டிக்குள்ள இருக்குற கல்லுப்ப எடுத்துட்டு வாங்க. கொழம்பு கொதிக்குது."

வாசிம் நின்ற இடத்தில் நின்றான். உப்பு அங்கே இருப்பது தெரியும் என்றால், பெட்டி காலி என்பது தெரியும். அது தெரிந்துதானா கதவுக்கு வெளியே உட்கார்ந்து சத்தம் போடாதீங்க என்று காவல் காத்தார்?

"மாமி, அப்ப அந்தப் பொட்டி... மாமா சொன்ன முடிவு..." என்று இழுத்தான்.

ஹபீபா கரண்டியில் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டுச் சொன்னார்.

"அது செத்து வருசக்கணக்கா ஆச்சு மாப்ள; நான் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் மெமரி பத்தலம்பாங்க, முடிச்சுச் சொல்லிட்டேன்னா உள்ள போயி தட்டிட்டு வந்து உங்ககிட்ட சொல்லுவாங்க."